தேர் திரும்பவில்லை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 29 நிமிடம். சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் தொடங்கிய நிலப்பிளவு, நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடியாக வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தூரம் சில நிமிடங்களில் ஓடி முடிந்தது. கார் நிக்கோபாரில் அது கிறிஸ்துமஸ் விழாவின் மறுநாள் காலை. காலூன்றி நிற்க முடியாதபடி நிலம் ஆடியது. ஆட்டம் ஓய்ந்த சில நிமிடங்களில் கடல் ஊருக்குள் வந்தது. மலாக்கா கிராமமும் அதை அடுத்திருந்த விமானப்படைக் குடியிருப்பும் அழிந்தன. கச்சால் தீவில் நிக்கோபாரி மக்களோடு, 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்தன. அத்தீவின் இழப்பு மிகப் பெரிது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோக, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

அன்று உயிர் பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு கணமும் யோசியாமல் மேட்டை நோக்கி ஓடியவர்கள். லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினர், கடல் பின்வாங்குவதைக் கண்டதும் உயரமான காட்டுப் பகுதிக்குச் சென்று தப்பினர். அவர்களிடம் கருவிகள் இல்லை, வானொலி இல்லை. முன்னோர் சொல்லிவைத்த நினைவும், அந்த நினைவு எழுப்பிய அச்சமுமே அவர்களைக் காத்தன. அச்சத்தைப் பற்றி ஆன்மீக நூல்களில் பேசப்படும்போது அதை வெல்ல வேண்டிய பகைவனாக மட்டுமே காண்பது வழக்கம். ஆனால் அன்று காலை அச்சம் ஒரு நல்ல காவலாளியாக இருந்தது. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். ஏனெனில், காவலாளி பிறகு செய்த காரியம் வேறு.

நிலம் முழுமையாக ஓயவில்லை. அன்று காலையே, சுமார் மூன்றரை மணி நேரம் கழித்து, நிக்கோபார் அருகே 7-க்கு மேற்பட்ட அளவில் மீண்டும் ஒரு நிலநடுக்கம். அதன்பின் நாள்தோறும், வாரந்தோறும் சிறிதும் பெரிதுமாக அதிர்வுகள். டிசம்பர் 30-ஆம் நாள், மீண்டும் ஆழிப்பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை நாடெங்கும் பரவியது. தீவுகளிலும் தமிழகக் கடற்கரையிலும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அலை வரவில்லை. எச்சரிக்கை பொய்த்தது, ஆனால் ஓடிய கால்களுக்கும் துடித்த நெஞ்சுக்கும் அது பொய் அல்ல. பலருடைய உடல் அந்த நாட்களில் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: 'எப்போது வேண்டுமானாலும் வரும், விழித்தே இரு.' நிலம் ஓய்ந்த பின்னும் உடல் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் கழகமான 'நிமான்ஸ்' நிறுவனத்தின் குழுக்கள் ஆரம்ப மாதங்களிலேயே அந்தமான் சென்று நிவாரண முகாம்களில் பணியாற்றின. அவர்கள் பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, வீடு வாசல் இழந்து முகாம்களுக்கு வந்தவர்களுள் 5.2 விழுக்காட்டினரிடமும், இடம்பெயராதவர்களுள் 2.8 விழுக்காட்டினரிடமும் மனநோய்க்குரிய அறிகுறிகள் காணப்பட்டன. திடீர்ப் பீதி, பொதுவான பதற்றம், காரணம் புலப்படாத உடல் உபாதைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்த எண்ணிக்கையை இரு வகையில் படிக்கலாம். அத்தனை பெரிய அழிவுக்குப் பின்னும் மிகப் பெரும்பாலோர் நோய்வாய்ப்படவில்லை என்பது ஒன்று. நோய்வாய்ப்பட்டவர்கள் கோழைகள் அல்லர், அதே அழிவின் வழியே வந்தவர்கள் என்பது மற்றொன்று.

அர்ஜுனனுக்கு வந்த நடுக்கம்

திடீர்ப் பீதியை மருத்துவர்கள் 'பேனிக் அட்டாக்' என்கின்றனர். அது வரும் விதம் விசித்திரமானது. கண்ணுக்கு எதிரே ஆபத்து எதுவும் இருக்காது. அடுப்படியில் நிற்கும்போது, பேருந்தில் அமர்ந்திருக்கும்போது, ஏன், ஆழ்ந்த உறக்கத்தின் நடுவிலும்கூட அது வரும். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு போதாமல் தவிக்கிறது, கை கால்கள் நடுங்குகின்றன, வியர்க்கிறது, தலை சுற்றுகிறது, உதடும் விரல்நுனிகளும் மரத்துப்போகின்றன. 'இதோ சாகப் போகிறேன்', 'எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது' என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகத் தோன்றுகிறது. பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அடங்கிய பின் மருத்துவமனையில் எடுக்கும் இதய வரைபடம் சீராக இருக்கும். 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த 'ஒன்றும் இல்லை'யோடு வீடு திரும்பும் மனிதருக்கு மட்டும் தெரியும், அது ஒன்றும் இல்லாதது அல்ல என்று.

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில்தான் உபதேசம் தொடங்குகிறது என்ற எண்ணம். ஆனால் முதல் அத்தியாயத்தின் 28 முதல் 30 வரையிலான சுலோகங்களில் அர்ஜுனன் தன் உடலைப் பற்றிச் சொல்வதை ஒரு மருத்துவரிடம் காட்டினால், அவர் பழக்கமான பட்டியலைக் காண்பார். உறுப்புகள் தளர்வது, நா வறட்சி, உடல் நடுக்கம், மயிர்க்கூச்சு, தோலில் எரிச்சல், பிடி நழுவுவது, நிற்க இயலாமை, மனம் சுழல்வது எல்லாம் அங்கே உள்ளன. இத்தனைக்கும் அப்போது போர் தொடங்கவில்லை. ஓர் அம்பும் அவன்மீது பாயவில்லை. எண்ணற்ற போர்களைக் கண்டவன், சிவபெருமானோடு மற்போர் புரிந்தவன் அவன். அவனுடைய துயரத்தின் காரணம் ஆழமானது, உறவினரைக் கொல்வது பற்றியது. அதை வெறும் பீதி என்று சுருக்கிவிடக் கூடாது. ஆயினும் துயரம் அவன் உடலில் ஏறிய விதம் இதுதான். வீரம் வேறு, உடலின் இந்த நடுக்கம் வேறு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. ஸ்ரீகிருஷ்ணர் முதலில் கடிந்துகொள்கிறார்: இது உனக்குத் தகாது, மனத்தளர்ச்சியை விட்டு எழு என்கிறார். அந்தக் கடிதல் பலிக்கவில்லை! அர்ஜுனன் எழவில்லை. தன் தரப்பை மீண்டும் சொல்லிவிட்டு, போர் புரிய மாட்டேன் என்று மௌனமாகிவிடுகிறான். பகவானே சொல்லியும் 'தைரியமாக இரு' என்ற சொல் மட்டும் போதவில்லை என்றால், நடுங்கும் மனைவியிடமோ மகனிடமோ அதையே நூறு முறை சொல்லும் குடும்பத்தார் யோசிக்க வேண்டும். அதன் பிறகே பகவான் புன்முறுவலுடன் விளக்கத் தொடங்குகிறார். எங்கிருந்து? இரு சேனைகளுக்கும் நடுவிலிருந்து. இதைக் கீதை தனியே குறிப்பிடுகிறது. சாரதி அவர், கடிவாளம் அவர் கையில். சீடனின் உடல் நடுங்குகிறது என்று தேரைத் திருப்பி, அமைதியான ஓர் ஆற்றங்கரைக்கு ஓட்டிச் சென்று அங்கே அவர் உபதேசித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நடுக்கம் வந்த அதே இடத்தில் தேர் நின்றது. நடுக்கம் அடங்கியதும் அதே இடத்தில்தான்.

உடல் அடிக்கும் மணி

ஆபத்தைக் கண்டதும் மூளை, மனிதன் சிந்தித்து முடிப்பதற்கு முன்பே, உடலுக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரீனலினைப் பொழிகின்றன. இதயம் வேகமெடுத்துத் தசைகளுக்கு இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. மூச்சு விரைகிறது. வியர்வை உடலைக் குளிர்விக்கிறது. செரிமானம் நின்றுபோவதால் வயிறு கலங்குகிறது. மலாக்காவில் மேட்டை நோக்கி ஓடியவருக்கு இவை அனைத்தும் தேவைப்பட்டன. ஓடியதில் அந்த ஆற்றல் செலவாயிற்று.

அதே மணி, ஆபத்து இல்லாதபோது அடித்தால் என்ன ஆகும்? ஆற்றல் முழுவதும் திரட்டப்படுகிறது, ஓடுவதற்கு இடமில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஓடுபவரைப் போல மூச்சு வாங்குகிறார். அளவுக்கு மீறி மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளையின் இரத்த நாளங்கள் சற்றே சுருங்கித் தலைசுற்றலும், உதடு, விரல்களில் மதமதப்பும் உண்டாகின்றன. காற்று போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் உண்மையில் காற்று அதிகமாகவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது! ஆகவே 'நன்றாக ஆழ்ந்து மூச்சை இழு' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை சில நேரங்களில் தவிப்பைக் கூட்டிவிடும்.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரங்களின் முதல் பாதத்தில் மனச் சிதறலுக்குத் துணைவரும் நான்கினைக் கூறுகிறார். துன்பம், மனச்சோர்வு ஆகியவற்றோடு அங்க நடுக்கத்தையும் மூச்சின் ஒழுங்கின்மையையும் அவர் சேர்த்திருப்பது வியப்புக்குரியது. மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. அதே பாதத்தில் சற்றுப் பின்னால், மனத்தெளிவுக்கான வழிகளுள் ஒன்றாக மூச்சை வெளிவிடுவதையும் நிறுத்துவதையும் சொல்கிறார். அங்கே வெளிமூச்சே முதலில் வைக்கப்பட்டுள்ளது. மூச்சை நிறுத்துவதைக் குருமுகமாகக் கற்காதவர்கள் பதற்ற நேரத்தில் முயல வேண்டியதில்லை. வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக, மெல்ல விடுவது எவருக்கும் தீங்கில்லாதது. உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வெளிமூச்சின்போது மேலோங்குகிறது என்று இன்றைய உடலியலும் கூறுகிறது.

இரண்டாம் அச்சம்

கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர் 1962-இல் வெளியிட்ட ஒரு நூலில் முதல் அச்சம், இரண்டாம் அச்சம் என்று ஒரு பாகுபாட்டைச் செய்தார். முதல் அச்சம் உடலின் அதிர்வு. அது தானாக வருகிறது, அதற்கு யாரும் பொறுப்பல்லர். 'ஐயோ, வந்துவிட்டதே! இந்த முறை என்ன ஆகுமோ!' என்று அந்த அதிர்வைக் கண்டு அஞ்சுவது இரண்டாம் அச்சம். முதலாவது தன் போக்கில் விடப்பட்டால் சில நிமிடங்களில் தணியும். இரண்டாவது அதற்கு எண்ணெய் வார்க்கிறது. நெஞ்சு துடிக்கிறது என்று அஞ்சினால் நெஞ்சு இன்னும் துடிக்கிறது. அந்தத் துடிப்பு அச்சத்துக்குச் சான்றாகிறது.

வேதாந்தம் கயிற்றையும் பாம்பையும் காட்டுவது இந்த இடத்தில் பொருந்தும். அந்தி மங்கலில் கயிற்றைப் பாம்பாகக் கண்டவனுக்குப் பாம்பு பொய். ஆனால் அவனுக்கு வியர்த்தது மெய், அவன் பின்வாங்கி விழுந்ததில் பட்ட காயமும் மெய். 'பாம்பு இல்லை, நீ ஏன் நடுங்குகிறாய்?' என்று அவனிடம் வாதிடுவதில் பயனில்லை. தடியெடுத்துப் பாம்பை அடிப்பதிலும் பயனில்லை. ஓடிவிடுவது இன்னும் மோசம். ஓடியவனுக்கு அந்த இடத்தில் என்றென்றும் பாம்புதான். விளக்கை எடுத்துக்கொண்டு அருகில் சென்று பார்ப்பது ஒன்றே வழி. அதற்கு அவன் அங்கே நிற்க வேண்டும்.

ஓடுவது எப்படி அச்சத்தை வளர்க்கிறது என்பதற்குத் தீவு வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் எண்ணிப் பார்க்கலாம். அந்தமானின் தலைநகரில் (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில்) வாழும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மகளை ஹேவ்லாக்கில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில், கட்டிக் கொடுத்திருக்கிறார். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாள் கப்பலுக்காக வரிசையில் நிற்கும்போது அவருக்கு முதன்முறையாகப் பீதி வருகிறது. கணவர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார். வீட்டு வாசலை மிதித்ததும் நெஞ்சு தணிகிறது. எவ்வளவு பெரிய நிம்மதி! அந்த நிம்மதிதான் விலங்கு. 'ஜெட்டியில் இருந்திருந்தால் செத்திருப்பேன், வீட்டுக்கு வந்ததால் பிழைத்தேன்' என்று உடல் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை ஜெட்டிக்குப் போகும் வழியிலேயே படபடப்பு. அதற்கடுத்து அபர்தீன் பஜாரின் கூட்டத்தில். ஆறு மாதத்தில் தனியாகக் கோவிலுக்குச் செல்லவும் இயலவில்லை. பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அவர் போகவில்லை. 'கடல் சரியில்லை' என்று காரணம் சொல்லிவிடுகிறார். தீவில் கப்பல் ஏற மறுப்பவருக்கு உலகம் மிகச் சிறியதாகிவிடும்.

இதில் பக்தர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. அந்தப் பெண்மணி பக்தை. ஜபமாலை எப்போதும் கையில் இருக்கிறது. படபடப்பு தொடங்கியதும் மாலையை இறுகப் பற்றி வேகவேகமாக உருட்டுகிறார். அப்போது அது இறைவனை நினைப்பதாக இல்லை; பீதி வராமல் தடுக்கும் தாயத்தாகிவிட்டது. ஒரு நாள் மாலையை வீட்டில் மறந்து வந்துவிட்டால் அதுவே புதிய அச்சம். நாம ஜபம் அருமருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் 'இந்தப் படபடப்பைப் போக்கு' என்ற பேரத்தோடு செய்யும் ஜபத்துக்கும், 'படபடப்பு இருந்தாலும் இருக்கட்டும், உன்னை நினைக்கிறேன்' என்று செய்யும் ஜபத்துக்கும் இடையே கடலளவு தூரம் உண்டு. தியானத்திலும் இப்படியே. கண்களை மூடி உள்ளே நோக்கினால் சிலருக்கு இதயத் துடிப்பொன்றே கேட்டு, பதற்றம் கூடும். அவர்கள் அந்தக் காலத்தில் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு வழிபடட்டும்; கோவில் முற்றத்தைப் பெருக்கட்டும்; பூத்தொடுக்கட்டும். சாதனையில் இது ஒரு படி இறக்கம் என்று வருந்த வேண்டியதில்லை.

நிற்பதா, ஓடுவதா

'நில், ஓடாதே' என்பதைத் தீவுவாசியிடம் சொல்வதற்கு முன் ஒரு தடை எழும். நில அதிர்ச்சி உண்மையாகவே வரும் ஊர் அது. 2009 ஆகஸ்டில் வடக்கு அந்தமானுக்கு அருகே 7.5 அளவில் நள்ளிரவுக்குப் பின் நிலம் அதிர்ந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தது. அச்சத்தை அடியோடு அகற்றிவிட்ட ஒருவர் அங்கே பத்திரமாக வாழ முடியாது. அவருக்கு வேண்டியது அச்சமின்மை அல்ல, விவேகம். மணி ஒன்றுதான், அதை அடித்தது நிலமா, உடலா என்று பிரித்தறிவது.

பிரித்தறிவதற்கு வெளியே பார்க்க வேண்டும். தொங்கும் விளக்கு ஆடுகிறதா? குடத்து நீர் தளும்புகிறதா? பக்கத்து வீட்டார் வெளியே வந்திருக்கிறார்களா? கடலோரத்தில் இருப்பவர், நிற்க முடியாத அளவுக்கோ நெடுநேரமோ நிலம் ஆடினால், சங்கொலிக்கோ அறிவிப்புக்கோ காத்திராமல் மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். அதில் தயக்கம் கூடாது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு வந்தாலும் அவ்வாறே. விளக்கு ஆடவில்லை, நீர் தளும்பவில்லை, ஆனால் நெஞ்சு மட்டும் ஆடுகிறது என்றால் அது உடலின் பொய்மணி. அப்போது நிற்க வேண்டும்.

நிற்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போராடுவது அல்ல. போராட்டமும் இரண்டாம் அச்சத்தின் ஒரு வடிவமே. செய்துகொண்டிருந்த வேலையை மெதுவாகத் தொடரலாம். வெளிமூச்சை நீட்டலாம். கால் தரையில் படுவதை, கையிலுள்ள பாத்திரத்தின் குளிர்ச்சியைக் கவனிக்கலாம். 'இது எனக்குத் தெரிந்ததுதான். முன்பும் வந்தது, போனது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஆலோசனை கூறுபவர்கள் பலர் பீதியை அலைக்கு ஒப்பிடுவர்: எழும், உச்சத்தை எட்டும், தானே தணியும் என்று. வேறிடங்களில் இது நல்ல உவமை. தாயையும் பிள்ளையையும் அலையில் இழந்தவரிடம் மட்டும் அதைச் சொல்லலாகாது. அந்தமானில் மே முதல் பெய்யும் பருவமழையின் திடீர்க் கொட்டல்களை எல்லோரும் அறிவார்கள். கூரையடியில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் வெறித்துவிடும். சொல்வதானால் அதைச் சொல்லலாம்.

மருத்துவரிடம் செல்வது பற்றி

முதன்முறை நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் அதைப் பீதி என்று தாமே முடிவுகட்டிவிடக் கூடாது. இதயக் கோளாறு, தைராய்டு மிகுதி, இரத்தசோகை, ஆஸ்துமா முதலியவையும் இதே முகத்தோடு வரும். மருத்துவர் சோதித்து இவை இல்லை என்று உறுதிசெய்யட்டும். மிகுதியான காபியும் தேநீரும் உறக்கமின்மையும் படபடப்பைக் கூட்டும் என்பதையும் நினைவில் கொள்ளலாம். பீதிநோய்தான் என்றால் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அஞ்சும் இடங்களைப் படிப்படியாக அணுகப் பழக்கும் உளவியல் சிகிச்சை பலருக்கு நிலையான பயன் தருகிறது. மருந்துகளும் உதவும். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நடுவில் தாமாக நிறுத்துவது தவறு. உடனடியாகப் படபடப்பை அடக்கும் மாத்திரைகள் சில உண்டு. மருத்துவர் குறித்த காலத்துக்கு மேல் அவற்றைத் தொடர்ந்தால் அவையே பழக்கமாகிவிடும்.

'இறைவனை நம்புகிறேன், எனக்கு ஏன் மாத்திரை?' என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். பதஞ்சலி முனிவர் யோகத்தின் தடைகளைக் கூறும்போது பட்டியலில் முதலாவதாக வைத்தது நோயை. நீரிழிவுக்கு மருந்து உண்பவரின் பக்தியை யாரும் ஐயப்படுவதில்லை. மருத்துவமனை தொலைவிலுள்ள தீவுகளில் இருப்பவர்களுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

முகாம்களில் கண்டது

நிமான்ஸ் குழுவினர் தங்கள் ஆய்வில் நோயை மட்டும் எண்ணவில்லை. தாங்கிக்கொள்ள உதவியது எது என்றும் பார்த்தார்கள். கட்டுக்கோப்பான சமூகம், குடும்ப அமைப்பு, தலைவர்களின் தன்னலமற்ற உழைப்பு, சமய நம்பிக்கை ஆகியவற்றை அவர்கள் குறித்திருக்கிறார்கள். நிக்கோபாரி மக்களிடம் 'துஹேத்' என்னும் கூட்டுக்குடும்ப முறை உண்டு. தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹேத்துக்குப் பொதுவானவை. தாய் தந்தையரை இழந்த குழந்தை அங்கே யாருமற்றதாக ஆவதில்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் 'கேப்டன்' என்று அழைக்கப்படும் தலைவர் உண்டு. பேரழிவுக்குப் பின் உணவுப் பங்கீடு முதல் எந்த மேட்டில் குடியேறுவது என்பது வரை அவர்களைக் கலந்தே முடிவாயிற்று. தகரக் கொட்டகைகளின் வெக்கையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தபோதும் அம்மக்கள் காடு திருத்தினர், தென்னங்கன்று நட்டனர். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நாளைக்கே கடல் வரும் என்று உடல் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நடப்பட்ட கன்றுகள் அவை.

பதற்றத்தில் தவிப்பவரின் அருகில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. 'ஒன்றும் இல்லை, சும்மா இரு' என்பது தவிப்பவரைத் தனிமைப்படுத்தும். 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டிலேயே இரு' என்பது அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் அது தேரைத் திருப்பிவிடுகிறது. கூட நிற்பது, அவர் வேகத்துக்கு நடப்பது, அவரிடம் சிறு பொறுப்பு ஒன்றைத் தொடர்ந்து விட்டுவைப்பது ஆகியவற்றுக்கு அதிகப் பேச்சு தேவையில்லை.

மேலே கூறிய பெண்மணிக்கு அவருடைய மருத்துவரும் இப்படித்தான் வழி வகுப்பார். முதல் வாரம் ஜெட்டியின் வாயில் வரை கணவருடன் சென்று, கப்பல் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. படபடப்பு வந்தால், அது தணியும் வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புவது. உச்சத்தில் இருக்கும்போது ஓடிவருவதில்லை. அடுத்து வரிசையில் நிற்பது. அதற்கடுத்து, கணவர் சற்றுத் தள்ளி நிற்க, தாமே சீட்டு வாங்குவது. சில நாட்கள் முன்னேற்றம் இருக்கும். சில நாட்கள் பின்னடைவு இருக்கும். ஜபமாலை வீட்டுப் பூஜையறையில் இருக்கட்டும். நாமம் நாவில் இருந்தால் போதும்.

பல வாரங்களுக்குப் பின் ஒரு காலையில் அவர் கப்பலில் அமர்ந்திருக்கிறார். மடியில் பேரனுக்கு முறுக்கு டப்பா. துறைமுகத்தின் வாயைக் கடந்து, முன்பு ராஸ் தீவு என்றழைக்கப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு பின்னால் நகரும்போது நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. கப்பலை இனித் திருப்ப முடியாது. அவர் எதிரே தொங்கும் உயிர்காப்பு வளையத்தைப் பார்க்கிறார். அது கப்பலின் அசைவுக்கு ஏற்ப மெல்ல அசைகிறது, அவ்வளவே. மூச்சை நீளமாக விடுகிறார். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை முறுக்கு டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறார். கை நடுங்குகிறது, குழந்தை அதைக் கவனிக்காமல் வாங்கிக்கொள்கிறது.